நிலை ‘முடிந்தது’, தேடினால் ஒன்றுமில்லை: ஏஜென்ட்டுகளுக்கான இண்டெக்ஸ் நிலைக் கருவியின் பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலையில் எங்கள் சிறிய குழு பராமரிக்கும் மென்பொருள், கரையில் நின்று இழுக்கும் கரைவலை மீன்பிடியின் கணக்குக்கானது. மீன் ஏலம் போன தொகை, அதிலிருந்து கழியும் செலவு, வலையின் உரிமையாளரான சம்மாட்டிக்கும் தொழிலாளர்களுக்கும் பிரியும் பங்கு ஆகியவை அதற்குள் இருக்கின்றன. பல ஆண்டுகளாகப் பலர் கைபட்ட நிரல் அது. இப்போது, சொன்ன வேலையைக் கருவிகளின் துணையோடு தாமே செய்யும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகளும் அதில் கைவைக்கின்றன. அவை நிரல் முழுவதையும் வாசிப்பதில்லை. நிரலைத் துண்டுகளாக்கி முன்கூட்டித் தயாரித்த தேடல் அட்டவணையில், அதாவது இண்டெக்ஸில் தேடி, வேண்டிய துண்டை மட்டும் எடுத்துப் பார்க்கின்றன. அந்த இண்டெக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று ஏஜென்ட் கேட்டறிய ஒரு சிறு கருவி உண்டு. கீழே உள்ளவை அந்தக் கருவியைச் சுற்றி எழும் சிக்கல்கள்.

கருவி சிறியது என்பதால் அதன் ஆவணமும் ஒரு வரியில் அடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் வெளியிட்ட மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல் முறைப்படி, ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும் ஒரு விவரணையையும் உள்ளீட்டின் அமைப்பையும் ஏஜென்ட்டுக்கு அறிவிக்கிறது. ஏஜென்ட்டுக்குக் கருவியைப் பற்றித் தெரிவது அவ்வளவுதான். “இண்டெக்ஸின் நிலையைத் தரும்” என்று மட்டும் விவரணை சொன்னால், அந்த நிலையை வைத்து என்ன முடிவுக்கு வரலாம், எந்த முடிவுக்கு வரக்கூடாது என்பதை ஏஜென்ட் தானே ஊகித்துக்கொள்ளும். கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்த ஊகத்தில் பிறந்தவை.

எங்கள் கருவி ஐந்து நிலைகளைச் சொல்லும்: இல்லை, நடக்கிறது, முடிந்தது, பழையது, முறிந்தது. பெரும்பாலான கருவிகளில் இந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும்; பொருளில் மாற்றமில்லை. உங்களுக்கு நேர்ந்த அறிகுறியைக் கண்டுபிடித்து அங்கிருந்து வாசிக்கலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

ஃபங்ஷன் கண்முன்னே இருக்கிறது, ஏஜென்ட் இல்லை என்று சாதிக்கிறது

ஆபத்தானது இதுதான், ஏனென்றால் எங்கும் சிவப்பு எழுத்தில் பிழை வராது. ஏஜென்ட்டிடம் பங்குக் கணக்கில் ஒரு திருத்தம் கேட்கிறீர்கள். அது நிலையைக் கேட்கிறது. ‘முடிந்தது’ என்று பதில் வருகிறது. செலவுக் கழிவு பற்றித் தேடுகிறது, ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே அந்தக் கணக்கைச் செய்யும் நிரல் பகுதி, அதாவது ஃபங்ஷன், இல்லை என்று தீர்மானித்து, அழகாக ஒன்றைப் புதிதாக எழுதித் தருகிறது. பழையதும் ஓடுகிறது, புதியதும் ஓடுகிறது. டீசல் செலவு இரண்டு தடவை கழிகிறது. மறுபார்வையில் யாரும் கவனிக்காவிட்டால் வலை இழுத்தவர்களின் கைக்கு வரும் பணம் குறையும்.

இங்கே கருவி பொய் சொல்லவில்லை. ‘முடிந்தது’ என்றால் கடைசி ஓட்டம் இறுதிவரை போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள். எல்லாக் கோப்புகளும் உள்ளே வந்துவிட்டன என்ற பொருள் அதில் இல்லை. கரையிலுள்ள மீன்வாடியின் கணக்குப் புத்தகத்தில் நாள்வரவை எழுதி முடித்துவிட்டார்கள் என்பதற்காக, வந்த மீன் எல்லாம் அதில் பதிந்திருக்கிறது என்று எந்தச் சம்மாட்டியும் நம்புவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது எண்ணிக்கைகளை. நிலைக் கருவி ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் இப்படிப் பதில் தர வேண்டும். எண்கள் உதாரணத்துக்கு; கமிட் என்பது நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் சேமித்த ஒரு பதிவு:

> நிலை: முடிந்தது
> பாதை: /வேலை/கரைவலை
> கண்ட கோப்புகள்: 900
> சேர்த்தவை: 780
> விட்டவை: 120 (விலக்குப் பட்டியல் 70, அளவு மீறியவை 8, தெரியாத வகை 30, பகுக்க முடியாதவை 12)
> கமிட்: இண்டெக்ஸ் செய்தபோது இருந்தது, இப்போது இருப்பது
> கமிட் ஆகாத மாற்றங்கள்: உண்டு

நான்காவது காரணத்தில்தான் கண் நிற்க வேண்டும். விலக்குப் பட்டியலில் போனவை பெரும்பாலும் போக வேண்டியவையே. பகுக்க முடியாமல் விடப்பட்டவை அப்படியல்ல. நிரலை ஃபங்ஷன், கிளாஸ் என்று வெட்டித் துண்டாக்கும் பகுப்பி ஒரு கோப்பில் தடுமாறினால், சில இண்டெக்ஸர்கள் வரிக்கணக்கில் வெட்டிச் சமாளிக்கும். சில அந்தக் கோப்பை அமைதியாக விட்டுவிடும். உங்களுடையது எந்த இனம் என்பதை ஆவணத்தில் எழுதுங்கள்.

அளவு மீறியவை என்ற வரியையும் லேசாக விடாதீர்கள். பழைய நிரல்களில் மிக நீளமான கோப்பில்தான் மிக முக்கியமான கணக்கு இருக்கும். யாரும் பிரிக்கத் துணியாததால்தான் அது அவ்வளவு நீண்டிருக்கிறது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் தேடல் காலியாக வந்தால், ‘கண்ட கோப்புகள்’ என்பதையே சந்தேகியுங்கள். கிட் சப்மொடியூலை, அதாவது திட்டத்துக்குள் இணைத்த வேறொரு நிரல் தொகுப்பை, இறக்காமல் விட்டால் அந்தக் கோப்புறை வெறுமையாக இருக்கும். இண்டெக்ஸர் அதற்குள் ஒன்றையும் காணாது, விட்டதாகவும் சொல்லாது. அதற்குப் பிறகு கிளை, அதாவது அதே நிரலின் இணையான இன்னொரு வடிவம். இண்டெக்ஸ் பிரதான கிளையில் செய்யப்பட்டிருக்கும். ஏஜென்ட் வேறொரு கிளையில் வேலை செய்யும். கமிட் எண்ணைப் பதிலில் சேர்ப்பது இதற்காகத்தான். கமிட் ஒன்றாக இருந்தாலும், கமிட் ஆகாத மாற்றங்கள் இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. அதனால் கடைசி வரியும் வேண்டும்.

இந்த அறிகுறிக்கான நிரந்தர மருந்து விவரணையில் இருக்கிறது. எங்கள் விவரணையின் முதல் பத்தி இது: “தேடலில் ஒன்றும் கிடைக்காதது, நிரலில் அது இல்லை என்பதற்குச் சான்றாகாது. புதிதாக எதையும் எழுதுவதற்கு முன், விட்டவை எண்ணிக்கை பூச்சியமாக இல்லாவிட்டால், கோப்புகளில் நேரடியாகச் சொல் தேடல் செய்து உறுதிப்படுத்தவும்.” கிரெப் போன்ற நேரடித் தேடல் மெதுவானதுதான். ஆனால் இண்டெக்ஸுக்குள் வராத கோப்பையும் அது பார்க்கும்.

நேற்று இண்டெக்ஸ் செய்தோம், இன்று ‘இல்லை’ என்கிறது

பத்தில் ஒன்பது தடவை பாதைதான் காரணம் என்று சொல்லத் துணிவேன். ஏஜென்ட் “இந்தக் கோப்புறை” என்ற பொருளில் ஒற்றைப் புள்ளியை அனுப்புகிறது. ஏஜென்ட் நிற்கும் கோப்புறை வேறு, கருவியின் சேர்வர் தொடங்கப்பட்ட கோப்புறை வேறு. சேர்வர் தன் இடத்தைப் பார்த்து, இங்கே இண்டெக்ஸ் இல்லை என்கிறது. உண்மைதான்.

எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் விண்டோஸ் மடிக்கணினிகளில் லினக்ஸ் துணையமைப்பை வைத்து வேலை செய்கிறார்கள். ஒரே கோப்புறைக்கு விண்டோஸ் பக்கத்தில் சீ எழுத்தில் தொடங்கும் பாதையும், லினக்ஸ் பக்கத்தில் மவுண்ட் செய்யப்பட்ட பாதையும் இருக்கும். இண்டெக்ஸ் ஒன்றின் பெயரில் பதிந்திருக்கும். ஏஜென்ட் மற்றதைக் கேட்கும். தனக்கென்று தனிக் கோப்புமுறை கொண்ட கொன்டெய்னருக்குள் ஓடும் ஏஜென்ட்டுக்கும் இதே கதைதான். குறியீட்டு இணைப்புகள் வழியாக எட்டும் பாதைகளும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை.

செய்ய வேண்டியவை: முழுப் பாதையை மட்டுமே ஏற்பதாக உள்ளீட்டு விளக்கத்தில் எழுதுங்கள். வந்த பாதையை இணைப்புகள் நீக்கிய உண்மைப் பாதையாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். ‘இல்லை’ என்று சொல்லும்போது கூடவே, “இண்டெக்ஸ் உள்ள பாதைகள் இவை” என்று ஒரு பட்டியலைத் தாருங்கள். இந்தக் கடைசி ஒன்று எழுதச் சில வரிகள்தான் பிடிக்கும். பட்டியலைப் பார்த்த ஏஜென்ட் தன் பாதையைத் தானே திருத்திக்கொள்கிறது, மனிதரை எழுப்புவதில்லை.

மிஞ்சிய ஒரு தடவைக்கான காரணம் கொஞ்சம் வஞ்சகமானது. இண்டெக்ஸ் வைத்திருக்கும் தரவுத்தளம் எழும்பவில்லை. கருவியின் நிரலில் பிழையைப் பிடிக்கும் பகுதி, எதையாவது திருப்பித் தர வேண்டுமே என்று வெறுமையான பதிலைத் தருகிறது. அதை அடுத்த அடுக்கு ‘இல்லை’ என்று மொழிபெயர்க்கிறது. தெரியவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால், ஏஜென்ட் நல்லெண்ணத்தோடு முழு நிரலையும் மறுபடி இண்டெக்ஸ் செய்யத் தொடங்கும். அந்தப் புரோட்டோகோலில் கருவியின் பதிலோடு “இது பிழை” என்ற கொடியை அனுப்ப வழி இருக்கிறது. தரவுத்தளம் கிடைக்காவிட்டால் அந்தக் கொடியோடு காரணத்தையும் அனுப்புங்கள். ஏஜென்ட் அதை வாசிக்கும்.

‘நடக்கிறது’ என்றே நிற்கிறது

மாரி காலத்தில் இந்த அறிகுறி எங்களுக்குப் பழகிப்போனது. வடகீழ்ப் பருவக்காற்று கரையைத் தாக்கும் மாதங்களில் உப்புவெளிப் பக்கம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். இண்டெக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மேசைக்கணினி அணைந்துவிட்டால், ‘நடக்கிறது’ என்று வட்டில் எழுதிய சொல் அப்படியே இருந்துவிடுகிறது. அதைத் திருத்தி எழுத வேண்டிய செயல்முறை உயிரோடில்லை. கணினி திரும்பி வந்ததும் நிலைக் கருவி அந்தச் சொல்லை வாசித்து, பணிவோடு ஏஜென்ட்டிடம் ஒப்பிக்கிறது. ஏஜென்ட் காத்திருக்கிறது. யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை.

இதற்கு வழக்கமாகச் செய்வது, இண்டெக்ஸரின் செயல்முறை எண்ணைக் குறித்துவைத்து, அந்த எண் இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பது. அது போதாது. கணினி மறுபடி தொடங்கிய பிறகு அதே எண் வேறொரு செயல்முறைக்குப் போயிருக்கலாம். லினக்ஸ் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, ‘பூட் ஐடி’ என்ற பெயரில், கணினியின் நிலவரத்தைக் காட்டும் ப்ரொக் கோப்புமுறைக்குள் வைக்கிறது. செயல்முறை எண்ணோடு அதையும் குறித்துவைத்தால் ஐயம் தீரும்: தொடக்க அடையாளம் மாறியிருந்தால், எண் எதுவானாலும் பழைய ஓட்டம் இறந்துவிட்டது. நிலையை ‘முறிந்தது’ என்று மாற்றிவிடலாம்.

இன்னொரு வகை இதைவிடச் சுவையானது. மின்சாரம் போகிறது, மடிக்கணினி பற்றரியில் தொடர்ந்து ஓடுகிறது, ரௌட்டர் மட்டும் அணைந்துவிடுகிறது. இண்டெக்ஸர் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் துண்டுகளை எண்வரிசையாக மாற்றித்தரும் எம்பெடிங் சேவை வெளியே, இணையத்துக்கு அப்பால் இருக்கிறது. கோரிக்கை தோற்கிறது, மறுபடி முயல்கிறது, மறுபடி தோற்கிறது. உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கருவி ‘நடக்கிறது’ என்றே சொல்லும். அது தவறும் இல்லை. ஆனால் எதுவும் நகரவில்லை.

எனவே பதிலில் இரண்டு நேரங்கள் வேண்டும். ஒன்று கடைசித் துடிப்பு, அதாவது இண்டெக்ஸர் கடைசியாகத் தன் இருப்பைச் சொன்னது. மற்றது கடைசி முன்னேற்றம், அதாவது ஒரு துண்டாவது புதிதாகச் சேர்ந்தது. துடிப்பும் பழையது, முன்னேற்றமும் பழையது என்றால் செயல்முறை இறந்துவிட்டது, மறுபடி தொடங்குங்கள். துடிப்பு புதியது, முன்னேற்றம் மட்டும் பழையது என்றால் இணையத்தைப் பாருங்கள், அல்லது சேவை 429 என்ற எண்ணோடு “மெதுவாக வா” என்று திருப்பியனுப்புகிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். இந்த இரண்டாவது நிலையில் ஓட்டத்தைக் கொன்றுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் மோசமான தீர்வு; அதுவரை சேர்ந்ததும் வீணாகும். துரதிர்ஷ்டவசமாக, ஏஜென்ட்டுக்கும் மனிதருக்கும் முதலில் தோன்றுவது அதுவே.

விழுக்காடு 99இல் நிற்பது தனி விவகாரம். கோப்பு எண்ணிக்கையை வைத்து விழுக்காடு கணக்கிட்டால், மிஞ்சியிருக்கும் ஒரே கோப்பு யாரோ உள்ளே போட்டுவைத்த பெரிய தரவுக் கோப்பாக இருக்கலாம். துண்டுகளை வைத்துக் கணக்கிடுங்கள். அதற்குப் பிறகும் நின்றால், எல்லாத் துண்டுகளும் வந்த பின் தரவுத்தளம் தேடலுக்கான அமைப்பைக் கட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு தனிக் கட்டப் பெயர் கொடுங்கள்.

எப்போது கேட்டாலும் ‘பழையது’

கோப்பின் மாற்ற நேரத்தை வைத்து ஒப்பிடும் இண்டெக்ஸர் என்றால் இது நடக்கும். கிட் கோப்புகளின் மாற்ற நேரத்தைச் சேமிப்பதில்லை. கிளை மாறும்போது அது எழுதும் கோப்புகளுக்கு அந்த நொடியின் நேரம் விழும். இன்னொரு கிளைக்குப் போய்த் திரும்பினாலே, உள்ளடக்கம் எழுத்துப் பிசகாமல் அதுவாக இருந்தும், நேரம் புதிதாகிவிடும். உள்ளடக்கத்தின் ஹாஷை, அதாவது அதிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, ஒப்பிட்டால் தீரும். கோப்புறை வாரியாக ஹாஷ்களை மரமாக அடுக்கும் மெர்க்கல் மரம் இருந்தால், மாறாத கோப்புறைகளை ஒரே ஒப்பீட்டில் தாண்டலாம்.

ஹாஷுக்கு மாறிய பிறகும் தொடர்ந்தால், வரி முடிவுகளைப் பாருங்கள். விண்டோஸில் கிட் வரி முடிவை மாற்றி எழுதும்படி அமைத்திருந்தால், அதே கோப்பு லினக்ஸில் ஒரு ஹாஷும் விண்டோஸில் இன்னொன்றும் தரும். அப்புறம் ஒன்று: இண்டெக்ஸர் தன் சேமிப்பை அதே கோப்புறைக்குள் எழுதி, அதையும் மாற்றம் என்று தானே எண்ணிக்கொள்கிறதா? சிரிக்காதீர்கள், போய்ப் பாருங்கள்.

ஒருபோதும் ‘பழையது’ ஆவதில்லை

மேலே உள்ளதற்கு நேர் எதிர். கோப்பைத் திருத்தி மணிக்கணக்காகியும் ‘முடிந்தது’ என்கிறது. லினக்ஸில் மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை அமைப்புக்கு, ஒரு பயனர் எத்தனை கோப்புறைகளைக் கவனிக்கலாம் என்று வரம்பு உண்டு. லினக்ஸின் கருவான கேர்னலின் பழைய பதிப்புகளில் இயல்பான வரம்பு 8192. 5.11 முதல் அது கணினியின் நினைவகத்துக்கு ஏற்ப உயர்கிறது. நோட் மொடியூல்கள், அதாவது வெளியிலிருந்து இறக்கிய ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள், நிறைந்த ஒரு திட்டம் 8192ஐ எளிதில் விழுங்கிவிடும். வரம்பு மீறியதைப் பதிவேட்டில் மட்டும் எழுதிவிட்டு நிலையில் சொல்லாமல் இருப்பது கருவியின் குறை. “கவனிப்பு: நின்றுவிட்டது” என்று ஒரு வரி பதிலில் வரட்டும்.

விண்டோஸ் வட்டில் உள்ள கோப்புகளை லினக்ஸ் துணையமைப்பின் இரண்டாம் பதிப்பிலிருந்து கவனித்தால், விண்டோஸ் பக்கத்தில் நடக்கும் மாற்றச் செய்திகள் வந்து சேராது. நிரலை லினக்ஸ் பக்கத்துக் கோப்புமுறைக்கு நகர்த்துங்கள், வேகமும் கூடும்.

இப்போதுதான் இண்டெக்ஸ் செய்தோம், ஐந்தரை மணி நேரம் பழையது என்கிறது ஏஜென்ட்

இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததுமே விடை தெரிந்திருக்கும். சேர்வர் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, எந்த வலயம் என்று குறிப்பிடாமல். ஏஜென்ட் அதை நம் மணிக்கூட்டோடு ஒப்பிடுகிறது. 2006 ஏப்ரலில் இருந்து நாம் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். அதற்கு முன், 1996இல் மணிக்கூட்டை முன்னால் தள்ளிய காலத்தில், முதலில் ஆறரையும் பின்னர் ஆறுமாக இருந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளை இறக்குமதி செய்யும் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது தனித் தலைவலி.

வலயத்தைச் சேர்த்து எழுதுவது பாதித் தீர்வு. மறுபாதி: பல ஏஜென்ட்டுகளுக்கு இப்போது மணி என்ன என்பதே நிச்சயமாகத் தெரியாது. நேரத்தைக் கொடுத்துக் கழிக்கச் சொல்வதைவிட, கருவியே கழித்து, “வயது: 40 நொடி” என்று தந்துவிடட்டும். மனிதர் பார்க்க முழு நேரமும் பக்கத்தில் இருக்கலாம்.

தமிழ்க் குறிப்புகள் மட்டும் தேடலில் வருவதில்லை

எங்கள் நிரலில் குறிப்புகள் பெரும்பாலும் தமிழில் இருக்கின்றன, ஏனென்றால் கணக்கைச் சொல்லித்தந்தவர்கள் தமிழில் சொன்னார்கள். ‘முடிந்தது’, விட்டவை பூச்சியம், கமிட் பொருந்துகிறது. இருந்தும் “திருகோணமலை” என்று தேடினால் சில கோப்புகள் வருகின்றன, சில வருவதில்லை.

கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் விதத்தில் “திருகோணமலை” 10 குறியீடுகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில், குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம், 30 பைட். இரண்டாவது விதத்தில் 11 குறியீடுகள், 33 பைட். சொல் தேடலுக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். எந்த விசைப்பலகையில், எந்தக் கணினியில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே நிரலுக்குள் இரண்டும் கலந்திருக்கும். இண்டெக்ஸ் செய்யும்போதும் தேடும்போதும், ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மூலக் கோப்பைத் தொட வேண்டியதில்லை.

மூன்று பைட் விவகாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. துண்டின் அளவைப் பைட்டில் எண்ணி வெட்டும் இண்டெக்ஸர், ஒரு தமிழ்க் குறியீட்டின் நடுவே கத்தியை வைத்துவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் கேள்விக்குறி பொறித்த கறுப்பு வைரம் தோன்றும். ஆங்கிலக் குறிப்புள்ள நிரலில் மட்டும் சோதித்தவர்கள் இதைக் காணவே மாட்டார்கள்.

பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய அறிக்கை வார்ப்புருக்கள் இருந்தால், இவை எதுவும் உதவாது. அங்கே கோப்புக்குள் இருப்பவை ரோமன் எழுத்துகள்; பாமினியை அணிவித்தால்தான் தமிழாகத் தெரியும். இண்டெக்ஸர் அவற்றை ஒரு குறையும் காணாமல் சேர்த்துக்கொள்ளும், யாருக்கும் கிடைக்காத இடத்தில். யூனிகோடுக்கு மாற்றும்வரை அந்தக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் போடுங்கள். விட்டவை எண்ணிக்கையிலாவது தெரியும்.

தேடல் நிறைய முடிவுகள் தருகிறது, ஒன்றுக்கும் சம்பந்தமில்லை

எம்பெடிங் மொடல் மாறியிருக்கிறது. இண்டெக்ஸ் ஒரு மொடலில், தேடல் இன்னொன்றில். ஓப்பன்ஏஐயின் அடா-002 தரும் எண்வரிசையின் நீளம் 1536. 2024இல் வந்த மூன்றாம் தலைமுறையின் பெரிய மொடல் இயல்பாக 3072 தரும். இதற்கு மாறினால் நீளம் பொருந்தாமல் தரவுத்தளமே கத்தும். நல்லது. சிறிய மொடலுக்கு மாறினால் அதன் இயல்பான நீளமும் 1536தான். எல்லாம் பொருந்தும், ஒரு பிழையும் வராது, பொருள் மட்டும் இருக்காது. மொடலின் பெயரை இண்டெக்ஸோடு சேமித்து, நிலைப் பதிலில் காட்டி, இப்போதைய அமைப்போடு மாறுபட்டால் ‘பழையது’ என்று சொல்ல வையுங்கள். இதற்குத் தீர்வு முழு மறுஇண்டெக்ஸ்தான்.

ஏஜென்ட் நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது

‘நடக்கிறது’ என்று பதில் வந்ததும் உடனே மறுபடி கேட்கிறது, மறுபடி. ஒவ்வொரு பதிலும் அதன் சூழல் நினைவில் இடம் பிடிக்கிறது. “அடுத்து 60 நொடிக்குப் பிறகு கேட்கவும், அதுவரை நேரடித் தேடலைப் பயன்படுத்தலாம்” என்று பதிலுக்குள்ளேயே எழுதுங்கள். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் கேள்வி குறையும்.

கேட்காமலே முழு நிரலையும் மறுஇண்டெக்ஸ் செய்துவிடுகிறது

‘பழையது’ என்ற சொல்லை ஏஜென்ட் ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. எம்பெடிங் சேவைக்குக் கட்டணம் டொலரில்; அலுவலக இணையம் நின்று கைத்தொலைபேசி டேட்டாவில் ஓடும் நாளில் அதுவும் கரையும். எத்தனை கோப்புகள் மாறியிருக்கின்றன என்பதைப் பதிலில் சொல்லுங்கள். மூன்று கோப்பு மாறியதற்கு முழு ஓட்டம் தேவையில்லை என்பது அப்போது ஏஜென்ட்டுக்கே புரியும். நிலைக் கருவிக்கு ‘வாசிக்க மட்டும்’ என்ற குறிப்பையும், இண்டெக்ஸை அழிக்கும் கருவிக்கு ‘அழிக்கக்கூடியது’ என்ற குறிப்பையும் சேருங்கள். ஆனால் அவை வெறும் குறிப்புகள், பூட்டுகள் அல்ல. அழிக்கும் கருவிக்கு மனித ஒப்புதல் கட்டாயம் என்பதை ஏஜென்ட்டை ஓட்டும் செயலியின் அமைப்பில்தான் வைக்க வேண்டும்.

கருவியே பட்டியலில் இல்லை, அல்லது இணைப்பு அறுந்துபோகிறது

சேர்வரில் யாரோ ஒரு அச்சுக் கட்டளையை விட்டுவிட்டார்கள். நிலையான உள்ளீடு வெளியீடு வழியாகப் பேசும் சேர்வர், வெளியீட்டில் புரோட்டோகோல் செய்தியைத் தவிர ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. “தொடங்கிவிட்டேன்” என்ற வரவேற்பு வரியே போதும் உரையாடலைக் குலைக்க. பதிவு வரிகளைப் பிழை வெளியீட்டுக்குத் திருப்புங்கள். நூலகங்கள் தாமாக அச்சிடுவதையும் தேடிப் பாருங்கள்.

விவரணையும் அதைச் சோதிக்கும் விதமும்

மேலே உள்ளவற்றை எல்லாம் விவரணைக்குள் கொட்டக்கூடாது. அது ஒவ்வொரு உரையாடலிலும் ஏஜென்ட்டின் நினைவில் ஏறும். எங்களுடையது, முன்பு காட்டிய முதல் பத்திக்குப் பிறகு, இவ்வளவுதான்:

> முழுப் பாதை கட்டாயம். இந்தக் கருவி எதையும் மாற்றாது.
> இல்லை: இந்தப் பாதைக்கு இண்டெக்ஸ் இல்லை. பட்டியலில் உள்ள பாதைகளோடு ஒப்பிடவும். பொருந்தாவிட்டால் பயனரிடம் கேட்கவும்.
> நடக்கிறது: தேடலாம், முடிவு பகுதியளவே. சொன்ன நேரத்துக்கு முன் மறுபடி கேட்க வேண்டாம்.
> முடிந்தது: கடைசி ஓட்டம் நிறைவு. விட்டவை எண்ணிக்கையைப் பார்க்கவும்.
> பழையது: தேடலாம். மாறிய கோப்புகளை நேரடியாக வாசிக்கவும். மொடல் மாறியதாகக் காரணம் சொன்னால் தேடல் முடிவுகளை நம்ப வேண்டாம். மறுஇண்டெக்ஸுக்குப் பயனரின் ஒப்புதல் வேண்டும்.
> முறிந்தது: காரணத்தைப் பயனரிடம் சொல்லவும். தானாக மறுபடி தொடங்க வேண்டாம்.

இதை எழுதியவர் வாசித்துப் பார்த்துத் தலையாட்டுவது சோதனை ஆகாது. ஒவ்வொரு நிலையையும் வேண்டுமென்றே உண்டாக்குங்கள்: ஓட்டத்தின் நடுவே செயல்முறையைக் கொல்லுங்கள், ரௌட்டரை அணையுங்கள், தரவுத்தளத்தை நிறுத்துங்கள், ஒரு கோப்பில் அடைப்புக்குறியை உடைத்துப் பகுப்பியைத் தடுமாற வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஏஜென்ட்டிடம், ஏற்கெனவே நிரலில் இருக்கும் ஒரு ஃபங்ஷனைப் பெயர் சொல்லாமல், வேலையை மட்டும் சொல்லிக் கேளுங்கள். அது நேரடித் தேடலுக்குப் போகிறதா, பயனரிடம் கேட்கிறதா, அல்லது புதிதாக எழுதத் தொடங்குகிறதா என்று பாருங்கள். எழுதத் தொடங்கினால், எந்த நிலையில் அப்படிச் செய்ததோ அந்த நிலைக்கான வரியை மட்டும் திருத்தி, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். மொடலின் புதிய பதிப்பு வரும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் அதே விவரணையை அது வேறு விதமாக வாசிக்கக்கூடும்.